மண்ணீரல் போன பிறகு...

இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே ஒரு சிறு காரியம் செய்யுங்கள். வலது கையை எடுத்து, இடது பக்க விலா எலும்புகளின் மேல், கடைசி இரண்டு மூன்று எலும்புகள் இருக்கிற இடத்தில், சற்று முதுகுப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். அதற்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது மண்ணீரல். கைமுஷ்டி அளவு, கருஞ்சிவப்பு நிறம், எடை சுமார் 150 கிராம். இதயத்தைப் போல அது துடிப்பதில்லை. இரைப்பையைப் போல வேளா வேளைக்குக் கூப்பாடு போடுவதும் இல்லை. பரம சாது. எவ்வளவு அழுத்திப் பார்த்தாலும் கையில் தட்டுப்படாது. தட்டுப்பட்டால்தான் சங்கடம்.

நம் தேசத்தில் ஒரு காலத்தில், எந்த ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறிய டாக்டர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழேயும் விரலை அழுத்திப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறதோ, அதுதான் அந்த ஊரின் மலேரியாக் கணக்கு! அந்த வீக்கம் ஜுரத்தால் வருவது. நாம் இங்கே பேசப் போவது வேறு விதமான வீக்கம். அதில் குற்றம் மண்ணீரலின் மேல் இல்லை. அடைப்பு இருப்பது அடுத்த வீட்டில், கல்லீரலில்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற ஆபத்து உங்களுக்குப் புரியாது.

குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் இவற்றிலிருந்து திரும்புகிற ரத்தம் நேரே இதயத்துக்குப் போய்விடுவதில்லை. ஒரு பெரிய குழாயில் ஒன்று சேர்ந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே சோதனையும் சுத்தமும் ஆன பிறகுதான் மேலே போக அனுமதி. அந்தக் குழாய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'போர்ட்டல் சிரை'. 'போர்ட்டா' என்றால் லத்தீன் மொழியில் வாசல். நாமும் 'வாசல் சிரை' என்றே வைத்துக்கொள்வோம். கல்லீரலுக்கு நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது என்றால், அதில் முக்கால் பங்கு இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. இத்தனை ரத்தம் போயும் அழுத்தம் மிகக் குறைவு. பாதரசக் கணக்கில் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து '120' என்கிறாரே டாக்டர், அது அருவி என்றால் இது வாய்க்கால் நீர். மெல்ல ஊர்ந்துதான் போகும்.

வாய்க்காலின் கடைமடையில் மண் மேடிட்டு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் பின்னுக்குத் தேங்கும். தேங்கிய தண்ணீர் சும்மா இருக்குமா? தாழ்ந்த கரை எங்கே இருக்கிறது என்று தேடி அங்கே வழிந்தோடும். வாசல் சிரையிலும் அப்படியே. மது, நாட்பட்ட பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், கொழுப்பு படிதல் ஆகியவற்றால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப் போனால், ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் தேங்குகிறது. வாசல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. இதற்குத்தான் 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்' என்று பெயர். கையில் கட்டிப் பார்க்கும் பி.பி.க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பி.பி. சரியாக இருக்கிறதே என்று யாரும் ஆறுதல் அடைய முடியாது.

நம் நாட்டில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு சொட்டு மது தொடாத இளைஞர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும்கூட இந்த அழுத்தம் வருகிறது. அவர்களுடைய கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாசல் சிரையே சிறு வயதில் எப்போதோ அடைபட்டுப் போயிருக்கும். அல்லது கல்லீரலுக்குள் அதன் கிளைகள் தடித்துக் குறுகியிருக்கும். பிறந்த புதிதில் தொப்புளில் சீழ் வைத்ததுகூடச் சிலருக்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

தேங்கிய ரத்தம் வழிந்தோடும் இடங்களில் முக்கியமானது உணவுக் குழாயின் அடிப்பாகம். அங்கே சிரைகள் மண்புழுக்களைப் போல் புடைத்து நெளிகின்றன. ஒன்று வெடித்தால் வாய் வழியே ரத்தமாகக் கொட்டும். இல்லாவிட்டால் மலம் தார் மாதிரி கறுத்துப் போகும். இன்னொரு பக்கம், மண்ணீரல் ரத்தம் வடியாமல் ஊதுகிறது. 150 கிராம் இருந்தது ஒரு கிலோ, அதற்கு மேலும் ஆவது உண்டு. ஊதின மண்ணீரலுக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடும். ரத்தத்தை உறைய வைப்பதற்கு உதவும் தட்டணுக்கள், அதாவது 'பிளேட்லெட்', சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கும். வீங்கின மண்ணீரலோ நூற்றுக்குத் தொண்ணூறு வரை தன்னிடமே பதுக்கி வைத்துக்கொண்டுவிடும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, ஐம்பதாயிரம், முப்பதாயிரம் என்று இறங்கிவிடும். 

ஒரு பக்கம் எப்போது வெடிக்குமோ என்ற சிரைகள். மறு பக்கம் ரத்தத்தை நிறுத்த ஆள் இல்லை. 'இந்தப் பாழாய்ப் போன மண்ணீரலை எடுத்து எறிந்துவிட வேண்டியதுதானே!' என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

1826-ல் ஜெர்மனியிலுள்ள ராஸ்டாக் நகரில் குவிட்டன்பாம் என்ற சர்ஜன் ஓர் இளம் பெண்ணின் பெரிய மண்ணீரலை அறுத்து எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். சில மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். இன்று அந்தக் குறிப்பைப் படிப்பவர்கள், அவளுக்கு இருந்தது இந்த வாசல் அழுத்த நோயாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். 1867-ல் பாரிஸில் பியான் என்பவர் வேறு காரணத்துக்காக மண்ணீரலை எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தாள். அதன் பிறகு இத்தாலியில் பாண்ட்டி என்ற மேதை, மண்ணீரல்தான் முதல் குற்றவாளி, அதன் விஷம் போய்த்தான் கல்லீரல் கெடுகிறது என்று 1894-ல் எழுதினார். மண்ணீரலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வெகு காலம் நிலைத்திருந்தது. 1945-ல் நியூயார்க் சர்ஜன் விப்பிள், சிரையின் அழுத்தத்தை அளந்து பார்த்த அனுபவத்தைக் கொண்டு, பாண்ட்டி சொன்னது தலைகீழ் என்று விளக்கினார். அடைப்பு முதலில், மண்ணீரல் வீக்கம் பிறகு.

ஆகவே மண்ணீரலை எடுப்பது என்பது, அடைபட்ட வாய்க்காலுக்கு வந்து விழுகிற ஓடைகளில் ஒன்றை நிறுத்துவது போலத்தான். வரத்து குறையும். அடைப்பு அப்படியே இருக்கும். தட்டணு குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ரத்தம் கக்காத, வேறு தொல்லை இல்லாத ஒருவருக்கு மண்ணீரலை எடுப்பதில்லை. புடைத்த சிரைகளை எண்டோஸ்கோப் குழாய் வழியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடலாம். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. இவற்றுக்கெல்லாம் அடங்காதபோதுதான் கத்தியின் பேச்சு வரும். நைல் நதி வாய்க்கால்களில் பரவும் புழு நோயால் கல்லீரல் கெட்ட எகிப்தியர்களுக்கு, ஹஸ்ஸாப் என்ற சர்ஜன் 1960-களில் மண்ணீரலை எடுத்ததோடு, இரைப்பையைச் சுற்றிப் புடைத்த சிரைகளையும் கட்டி அறுத்தார். இன்றும் சீனாவிலும் ஜப்பானிலும் அந்த வழியை ஒட்டித்தான் பல ஆபரேஷன்கள் நடக்கின்றன.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசல் சிரை அடைபட்ட பிள்ளைகளுக்கு, மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைத்துப் புது வழி வெட்டிவிடுகிற அருமையான ஆபரேஷன் ஒன்று நம் ஊர்களிலேயே செய்கிறார்கள். அதற்கு மண்ணீரல் சிரை வேண்டும். யாரோ அவசரப்பட்டு மண்ணீரலை மட்டும் எடுத்துவிட்டால், அந்தச் சிரை அடைபட்டு, இருந்த ஒரு நல்ல வழியும் மூடிப் போகலாம். "எடுத்துவிடலாமா?" என்று டாக்டர் கேட்டால், "இணைப்புக்கு வழி இருக்கிறதா, ஐயா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

* * *

இனிச் சாவித் துவாரத்துக்கு வருவோம்.

வயிற்றை ஒரு சாண் நீளத்துக்குத் திறப்பதற்குப் பதிலாக, விரல் நுனி அளவில் நான்கைந்து துளைகள். ஒன்றின் வழியாக விளக்கும் காமிராவும். மற்றவற்றின் வழியாக நீண்ட கைப்பிடி வைத்த கத்தரியும் இடுக்கியும். சர்ஜன் உங்கள் வயிற்றைப் பார்ப்பதில்லை. டெலிவிஷன் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார். பித்தப்பையில் பெயர் வாங்கிய இந்த முறை, மண்ணீரலுக்கு வந்தது 1991-ல், பாரிஸில். டெலெட்ரும் மெய்ஞாங்கும் முதலில் செய்து எழுதினார்கள். நோயாளியை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால், மண்ணீரல் மரத்தில் பலாப்பழம் தொங்குவது போல மேலே தொங்கும். கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து, கடைசியில் காம்பிலுள்ள ரத்தக் குழாய்களை, காகிதத்துக்குப் பின் அடிப்பது போலப் பின் அடித்து வெட்டும் கருவியால் துண்டித்துவிடுவார்கள். பிறகு உள்ளேயே ஒரு பையை விரித்து, மண்ணீரலை அதற்குள் தள்ளி, பையோடு மசித்துத் துண்டு துண்டாகத் துளை வழியே எடுத்துவிடுவார்கள். கேட்கச் சற்று அருவருப்பாக இருந்தாலும், கைதேர்ந்தவர்கள் செய்வதைப் பார்த்தால் கைவேலைக்காரி பூத்தையல் போடுகிற அழகு தெரியும்.

ஆனால் வாசல் அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைச் செய்யலாமா என்பதில் வெகு நாள் தயக்கம் இருந்தது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சர்ஜன்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலே, கல்லீரல் சுருக்கத்தால் அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த முறை ஆகாது என்றே எழுதினார்கள். காரணம் எளிது. அந்த இடத்தில் ஒவ்வொரு இழையிலும் புடைத்த சிரை. ஒன்று கிழிந்தால் திரை முழுவதும் சிவப்பு. கத்தரி எங்கே, சிரை எங்கே என்று தெரியாது. வயிற்றைத் திறந்திருந்தால் கையை வைத்து அழுத்தி நிறுத்தலாம். துளை வழியே கை போகாதே!

அனுபவம் வளர வளர வழிகள் பிறந்தன. முதலில் மண்ணீரல் தமனியை மாத்திரம் கட்டிவிடுகிறார்கள். உள்ளே போகும் ரத்தம் நின்று, வெளியே போவது நிற்காததால், வீங்கிய மண்ணீரல் சுருங்கி, அதிலிருந்த ரத்தம் நோயாளியின் உடம்புக்கே திரும்பிவிடுகிறது. பணம் கொடுக்காமல் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றின மாதிரி! மிகப் பெரிய மண்ணீரலானால், கை நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு மட்டும் போட்டு, ஒரு கையை உள்ளே விட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே வயிற்றைத் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்ததைச் சர்ஜனுடைய தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் வீம்பு பிடிப்பதுதான் தோல்வி.

வெற்றிகரமாக முடிந்துவிட்டது. வலி குறைவு. இரண்டாம் நாளே எழுந்து நடக்கிறார். நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டினால் நாலு சின்னப் பிளாஸ்திரிகள். பார்க்க வந்தவர்கள், "இவ்வளவுதானா!" என்கிறார்கள்.

அந்த "இவ்வளவுதானா"தான் எனக்குப் பயம். ஏனென்றால் துளை சிறியதே தவிர, உள்ளே நடந்த காரியம் சிறியதல்ல. வயிற்றைத் திறந்து எடுத்தாலும், சாவித் துவாரம் வழியே எடுத்தாலும், போனது அதே மண்ணீரல். அது போன பிறகு நடக்கும் கூத்து, ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது.

* * *

பதுக்கல்காரனைப் பிடித்துவிட்டால் சந்தையில் சரக்கு என்ன ஆகும்? ஒரேயடியாகக் குவியும் அல்லவா? தட்டணுக்களும் அப்படித்தான். நேற்று வரை ஐம்பதாயிரம் இருந்தவருக்கு, மண்ணீரல் போனதும் நாளுக்கு நாள் ஏறுகிறது. மூன்று லட்சம், ஐந்து லட்சம், சிலருக்கு அதற்கும் மேல். உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் முதல் வாரத்தின் முடிவிலிருந்து மூன்றாவது வாரத்துக்குள். வீட்டிலுள்ளவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஸ்வீட் வாங்குகிறார்கள்.

இப்போது உள்ளே பாருங்கள். மண்ணீரல் சிரை பெருத்துப் போயிருந்த பெரிய குழாய். அதில் வந்துகொண்டிருந்த வெள்ளம் திடீரென்று நின்றுவிட்டது. பின் அடித்து மூடின முனை, முட்டுச் சந்து மாதிரி, ரத்தம் தேங்கி நிற்கும் மூலையாகிவிட்டது. வாசல் சிரையிலும் வரத்துக் குறைந்து ஓட்டம் இன்னும் மெதுவாகிவிட்டது. கத்தியும் சூடும் பட்ட இடத்தில் குழாயின் உட்சுவர் புண்பட்டிருக்கிறது. அதன் மேல் தட்டணுக்களின் கூட்டம். ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்பார்கள்: ஓட்டம் மந்தமாவது, சுவர் புண்படுவது, ரத்தத்தின் தன்மை மாறுவது. ஜெர்மானிய மேதை விர்ச்சோவின் பெயரால் வழங்கும் கணக்கு இது. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில் கூடிவிட்டன! 

மண்ணீரல் சிரையின் முட்டுச் சந்தில் ஆரம்பிக்கும் உறைகட்டி, மெல்ல வளர்ந்து வாசல் சிரைக்குள் தலை நீட்டுகிறது. சாவித் துவார முறையில் இது இன்னும் அதிகமோ என்ற சந்தேகமும் உண்டு. வயிற்றை உப்ப வைக்கக் கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். வாசல் சிரையின் இயற்கையான அழுத்தமே பத்துக்குள்தான் என்று மேலே பார்த்தோமே! அவ்வளவு நேரமும் அந்தக் குழாய் அழுந்தி, ஓட்டம் குறைந்துதான் இருக்கும். 2005-ல் ஜப்பானிய சர்ஜன்கள் ஒரு காரியம் செய்தார்கள். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு, தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். சாவித் துவாரம் வழியே எடுத்த 22 பேரில் 12 பேருக்கு உறைகட்டி இருந்தது. வயிற்றைத் திறந்து எடுத்த 21 பேரில் 4 பேருக்கு. அந்த 12 பேரில் உடம்பில் ஏதாவது தொல்லை தெரிந்தது நான்கு பேருக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! சிறிய கணக்குத்தான், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு எண்ணிக்கை கிடைத்திருக்கிறது. கூர்ந்து தேடுகிறவர்களுக்கு அதிகமாகக் கிடைக்கிறது. தேடாதவர்களுக்குக் கிடைப்பதில்லை. மண்ணீரல் எவ்வளவு பெரிதாக இருந்ததோ, சிரை எவ்வளவு அகலமாக இருந்ததோ, அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். அந்த இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் வாசல் அழுத்தக்காரர்கள்தான்.

உறைகட்டி இருந்தால்தான் என்ன என்கிறீர்களா? ஏற்கனவே அடைபட்ட வாய்க்காலின் தலைமடையிலும் பாறை விழுந்தால் என்ன ஆகும்? அழுத்தம் இன்னும் ஏறும். உணவுக் குழாய்ச் சிரை வெடிக்கலாம். வயிற்றில் நீர் சேரலாம். உறைகட்டி குடலின் சிரை வரைக்கும் இறங்கிவிட்டால் குடலே செத்துப் போகலாம். பிற்காலத்தில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டால், புதுக் கல்லீரலைக் கொண்டுபோய் இணைக்க வேண்டிய குழாயே இந்த வாசல் சிரைதான். அது அடைந்திருந்தால் அந்த ஆபரேஷன் பன்மடங்கு கடினமாகிவிடும்.

வைத்தியம் இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஹெப்பாரின் ஊசியும், பிறகு வார்ஃபரின் போன்ற மாத்திரையும் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் கரைந்துவிடுகிறது. ஆனால் இங்கேதான் டாக்டரின் நிலை மத்தளம் மாதிரி. உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால், உணவுக் குழாயில் புடைத்த சிரை இருக்கிறதே, அது ரத்தம் கக்கினால்? கொடுக்காவிட்டால் உறைகட்டி வளர்ந்தால்? அதனால்தான் நல்ல இடங்களில் ஆபரேஷனுக்கு முன்பே எண்டோஸ்கோப் போட்டுப் பார்த்து, ஆபத்தான சிரைகளை வளையம் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். 'கல்லீரல் நோயாளியின் ரத்தம் நீர்த்துப் போனது, அது உறையவே உறையாது' என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அது தவறு. அந்த ரத்தத்தில் உறைய வைக்கும் பொருள்கள் குறைந்திருப்பது போலவே, உறையாமல் தடுக்கும் பொருள்களும் குறைந்திருக்கின்றன. தராசு எந்தப் பக்கமும் சாயும்.

ஆகையால், வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்க வேண்டியது, "தையல் எப்போது பிரிப்பீர்கள்?" என்பதை மட்டும் அல்ல. "டாப்ளர் ஸ்கான் எந்தத் தேதியில்?" என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, ஒரு வாரம் வாக்கில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். வலியில்லாத சோதனை; வயிற்றின் மேல் களிம்பு தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவே. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தத் தேதியைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நன்றாக இருக்கும்போது கண்டுபிடிப்பதற்குத்தானே அந்தச் சோதனை!

* * *

மற்றச் சங்கடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணையத்தின் வால் மண்ணீரலின் காம்பில் போய்ச் செருகிக்கொண்டிருக்கும். பின் அடிக்கும் கருவி அதன் நுனியையும் சேர்த்துக் கடித்துவிட்டால், எதையும் ஜீரணிக்கும் கணைய நீர் வயிற்றுக்குள் கசியும். இதற்காகத்தான் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, அதில் வடிகிற நீரைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். "இந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள்?" என்று நர்ஸை நச்சரிக்காதீர்கள். அது வேவுகாரன், ஊரில் கலகம் இல்லை என்று தெரிந்த பிறகு போகட்டும். இரைப்பையின் ஓரத்திலுள்ள குட்டைக் குழாய்களைச் சூட்டால் கருக்கும்போது, இரைப்பைச் சுவரிலும் சூடு பட்டுப் பிறகு ஓட்டை விழுவது அபூர்வமாக உண்டு.

இடது நுரையீரலின் அடிப்பாகம் சரியாக விரியாமல் சளி கட்டுவதும், அங்கே நீர் சேர்வதும் சாதாரணம். ஊதி இழுக்கச் சொல்லி, மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். பெரியவர்கள் அதைப் பேரப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். மணிக்கு ஒரு தடவை, கட்டாயமாக, உறிஞ்சச் செய்யுங்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்றில் நீர் கோப்பது சில வாரம் அதிகமாகலாம். உப்பைக் குறைக்கச் சொன்னால் ஊறுகாயும் அப்பளமும்கூட உப்புத்தான். வலிக்கு மாத்திரை வேண்டுமானால் அந்த டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும். கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளில் பல, இவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கொண்டு வரும்.

காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் விட்டு விட்டு லேசான காய்ச்சல் வரும். "மண்ணீரல் எடுத்தால் அப்படித்தான்" என்று ஒரு சமாதானம் உண்டு. அப்படித்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், உறைகட்டி இல்லை, விதானத்துக்கு அடியில் சீழ் இல்லை, கணையக் கசிவு இல்லை என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். காய்ச்சலோடு, எங்கே என்று சொல்லத் தெரியாத வயிற்று வலி, சாப்பாட்டில் வெறுப்பு, வாந்தி, பேதி, இவற்றில் ஏதாவது வந்தால், 'நேற்று சாப்பிட்ட பூரி ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். மலம் கறுத்துப் போனாலும், வயிறு உப்பினாலும், பேச்சில் தடுமாற்றமோ பகலில் ஓயாத தூக்கமோ கண்டாலும் அன்றே போக வேண்டும். இதையெல்லாம் முதலில் கவனிக்கிறவர் டாக்டர் அல்ல. வீட்டிலே கஞ்சி கொண்டுவந்து வைக்கிற அம்மாவோ மனைவியோதான்.

ஒரு மாதம் தாண்டிவிட்டது, உறைகட்டி இல்லை, தழும்புகூடத் தேட வேண்டியிருக்கிறது. அப்புறமும் ஒன்று பாக்கி. மண்ணீரல் சும்மா உட்கார்ந்திருந்த சாது அல்ல. ரத்தத்தில் நுழையும் சில கிருமிகளை, முக்கியமாக நிமோனியாவையும் மூளை உறை ஜுரத்தையும் உண்டாக்கும் கிருமிகளை, வடிகட்டிப் பிடிக்கும் காவல்காரன் அதுதான். 1952-ல் அமெரிக்க மருத்துவர்களான கிங்கும் ஷூமாக்கரும், மண்ணீரல் எடுத்த ஐந்து சிசுக்களுக்குக் கடுமையான கிருமித் தாக்குதல் வந்ததை எழுதின பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. வருவது அபூர்வம். வந்தால் காலையில் ஜலதோஷம் மாதிரி ஆரம்பித்து, மறு நாளைக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். அப்படி வந்தவர்களில் பாதிப் பேர் வரை பிழைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வருஷங்களில் பயம் அதிகம் என்றாலும், ஆயுள் முழுவதும் அந்தப் பயம் முற்றும் தீர்வதில்லை.

இதற்கு ஊசிகள் இருக்கின்றன: நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்ற மூன்று கிருமிகளுக்கும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மண்ணீரல் இருக்கும்போது போட்டால்தான் முழுப் பலன். விட்டுப் போயிருந்தால் இரண்டு வாரம் கழித்தாவது போட்டுக்கொள்ள வேண்டும். சிலவற்றைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் நல்லது. குழந்தைகளுக்குப் பெனிசிலின் மாத்திரையை வருஷக் கணக்கில் தினம் கொடுப்பார்கள். பெரியவர்களிலும் சிலருக்கு, கையோடு வைத்துக்கொள்ளும்படி ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுப்பது உண்டு. 

நூறு டிகிரிக்கு மேல் குளிரோடு ஜுரம் வந்தால், நடு ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை இருந்தால் முதல் வேளையை விழுங்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதை. வயிற்றைப் பார்த்து அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சாவித் துவாரத் தழும்புகளைப் பித்தப்பை ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு சிறு அட்டையில் ஆபரேஷன் தேதி, போட்ட ஊசிகள், டாக்டரின் டெலிபோன் நம்பர் எல்லாம் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். மலேரியா உள்ள ஊருக்குப் போவதானால், போவதற்கு முன்பே தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரு நாயோ, செல்லமாக வளர்க்கும் நாயோ கடித்தால், வெறிநாய்க் கடி ஊசி போட்டாயிற்று என்று திரும்பி வந்துவிடாமல், அந்த அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். நாயின் வாயிலுள்ள ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர்களை விசேஷமாகத் தேடிப் பிடிக்கிறது. அதற்கு வேறு மருந்து கொடுக்க வேண்டும்.